ஈசானிய மூலைப் படிக்கட்டு

எங்கள் கடை முதல் மாடியில் இருந்தது. பேன்சி ஸ்டோரை மாடியில் போட்ட புத்திசாலிகள் விருத்தாசலத்திலேயே நாங்கள் இரண்டு பேர்தான் என்று நினைக்கிறேன். தையல் கடையை மாடியில் போடலாம். வக்கீல் ஆபீஸ் மாடியில் இருந்தால் ஒரு மரியாதைகூட வந்துவிடும். வேண்டியவர்கள் விசாரித்துக்கொண்டு ஏறி வருவார்கள். ஆனால் ஒரு அட்டை ஸ்டிக்கர் பொட்டு வாங்குவதற்காக எந்தப் பெண்ணும் காலையில் திட்டம் போட்டுக் கிளம்புவதில்லை. போகிற வழியில் கண்ணில் பட வேண்டும், கால் நிற்க வேண்டும், அப்புறம்தான் கை நீளும். இதெல்லாம் தெரிந்தேதான் மாடியில் கடை போட்டோம். அங்கே இருந்த ஒரு படிக்கட்டை நம்பிப் போட்டோம்.

என் வீட்டுக்காரர் பதினாறு வருடம் ஒரு செராமிக் கம்பெனியில் அரவைப் பகுதியில் இருந்தவர். பொம்மையோ ஜாடியோ ஃபியூஸ் கட்டையோ, எது செய்வதானாலும் முதலில் வெள்ளைக் கல்லையும் மண்ணையும் மாவாக அரைக்க வேண்டும். வேலை முடிந்து வரும்போது புருவம்கூட வெள்ளையாக இருக்கும். மற்ற பெண்கள் சமையலுக்கு மாவு சலிப்பார்கள், நான் அவருடைய சட்டையை உதறுவேன். அந்த மாவு நெஞ்சுக்குள்ளும் போய்ப் படிந்துகொண்டிருந்தது எங்களுக்குத் தெரியவில்லை. கடலூரில் ஒரு டாக்டர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இனிமே அந்தத் தூசிக்குள்ள போனார்னா நான் ஒண்ணும் செய்ய முடியாதும்மா" என்றார். அவரைப் பார்த்துச் சொல்லவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னார். அவருக்கு மண் சுமக்கவோ மூட்டை தூக்கவோ மூச்சு பத்தாது. உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்று வேண்டும். அதனால் கடை. அந்தக் கடை நின்றால் அவர் தூசிக்கு வெளியே நிற்பார், விழுந்தால் திரும்பவும் உள்ளே போவார். எங்கள் வீட்டில் வேறு கணக்கே கிடையாது.

அப்போதுதான் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் அந்தப் புதுக் காம்ப்ளெக்ஸ் எழும்பியிருந்தது. இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். ஊரில் எல்லாரும் காலி மனையைக் கண்டால் காம்ப்ளெக்ஸ் கட்டினார்கள். இது கிழக்கே ரோட்டைப் பார்த்த கட்டடம். கீழ்த்தளத்தின் நடுவே முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் ஒரு நீள நடை, அதன் இரண்டு பக்கமும் கடைகள். நடையின் மறுமுனை பின்பக்கச் சந்தில் திறக்கும். சந்து கடைவீதியில் கொண்டுபோய் விடும். ஆகவே பஸ்ஸை விட்டு இறங்கிய சனங்கள் அதைக் கட்டடமாகவே நினைக்கவில்லை. கடைவீதிக்குப் போகிற குறுக்குவழியாக அதைப் பயன்படுத்தினார்கள். முதல் மாடியில் எங்களோடு சேர்த்துப் பத்துக் கடைகள், இரண்டாம் மாடியில் கட்டட ஓனருடைய வீடு.

மேலே போக இரண்டு படிக்கட்டுகள் இருந்தன. ஒன்று ரோட்டோரம், வடக்குக் கோடியில், அகலமாக, வெளிச்சமாக. இன்னொன்று பின்னால் தென்மேற்கு மூலையில், கழிப்பறையையும் கரண்டு மீட்டர் பெட்டிகளையும் தாண்டி. பின்படிக்கட்டில் பட்டப்பகலிலும் பல்பு எரிய வேண்டும்.

முன்படிக்கட்டின் எதிரில் டவுன் பஸ் நிற்கும். கருவேப்பிலங்குறிச்சிக்கும் அந்தப் பக்கத்துக் கிராமங்களுக்கும் போகிற பெண்கள் வெயிலுக்கு ஒதுங்கி முதல் இரண்டு படியில் ஏறி நிற்பார்கள். இரண்டு படி ஏறியவர்களுக்கு மூன்றாவது படி ஒரு பாரமே இல்லை. பையை வைக்க இடம் தேடி ஐந்தாவது படிக்கு வருவார்கள். அங்கிருந்து நிமிர்ந்தால் எங்கள் கடையில் தொங்கும் ரிப்பனும் கவரிங் செயினும் கண்ணுக்கு நேராகத் தெரியும். "பஸ்ஸு வர வரைக்கும் சும்மா பாத்துட்டு வரலாம் வா" என்று ஒருத்தி சொல்வாள். அப்படித்தான் எங்கள் கடை ஓடியது. அந்தப் படிக்கட்டைப் பார்த்த முதல் நாளே என் வீட்டுக்காரர் "இங்கதான்" என்றார்.

முதல் ஒன்றரை வருடம் நன்றாகவே போனது. பதினாறு வருடம் கல் அரைத்த மனுஷன் ப்ளஸ் டூ பெண்களிடம், "இந்த கிளிப்பு ஒன்னோட யூனிபார்முக்கு எடுக்காது பாப்பா, அந்த நீலத்த எடு" என்று அபிப்பிராயம் சொல்ல ஆரம்பித்தார். எனக்குச் சிரிப்பாக வரும். நான் கேலி செய்தால், "கல்லுக்கே கலரு பாத்தவன்டி நானு" என்பார். கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டது. ராத்திரியில் அவர் மூச்சைக் காது கொடுத்துக் கேட்பது எனக்குப் பழக்கமாகியிருந்தது. அதில் விசில் மாதிரி வந்துகொண்டிருந்த சத்தம் மெல்ல மெல்லக் குறைந்தது.

கடையில் ஆள் இல்லாத நேரத்தில் நான் வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்ப்பேன். கட்டடத்தின் நடுவில் மேலே திறப்பு விட்டிருந்ததால் கீழ்நடை முழுக்கத் தெரியும். மேலிருந்து பார்த்தால் மனிதர்களுக்கு முகம் கிடையாது, உச்சந்தலைதான். நேர்வகிடு, கோணல்வகிடு, வழுக்கை, கனகாம்பரம், சாயம் போட்டு வேர் வெளுத்த முடி. பார்த்துப் பார்த்து அவர்கள் நடக்கிற விதம் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. முன்னால் போகிற ஆள் எந்தப் பக்கம் ஒதுங்குகிறாரோ பின்னால் வருகிறவரும் அந்தப் பக்கம்தான் ஒதுங்குவார். பாத்திரக்கடைக்காரன் குடங்களை நடைக்கு இழுத்து வைத்த நாளில் வழி குறுகிவிடும், எல்லாரும் வேகமாகப் போவார்கள், எந்தக் கடையிலும் நிற்க மாட்டார்கள். ஜூஸ் கடை வாசலில் நாலு பேர் நின்றால் அங்கே மெதுவாவார்கள், எதிர்க் கடைக்கு வியாபாரம் ஆகும். நடையின் பாதியைத் தாண்டியதும் சந்தின் வெளிச்சம் தெரியும். அதற்குப் பிறகு யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார்கள். இடது பக்கம் பின்படிக்கட்டுக்குத் திரும்புகிற மூலை ஒன்று இருக்கிறது என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. ஒன்றரை வருடத்தில் வேண்டுமென்றே அந்த மூலைக்குத் திரும்பியவர்கள் கழிப்பறைக்குப் போனவர்கள் மட்டும்தான்.

ஓனருடைய மருமகள் எங்கள் கடைக்கு அடிக்கடி இறங்கி வருவாள். திட்டக்குடிப் பெண். சின்ன வயசு. கண்ணாடி வளையல் என்றால் உயிர். அந்த வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு தடவை கரு தங்கிக் கலைந்துபோயிருந்தது. இரண்டாவது தடவை ஐந்து மாதம். அதற்கப்புறம் ஒரு நாள் வந்து வளையலை எடுத்து எடுத்துப் பார்த்துவிட்டு எதுவும் வாங்காமல் போனாள். மூன்றாவது தடவை தங்கியதும் ஓனர் வெளியூரிலிருந்து ஒரு வாஸ்துக்காரரை வரவழைத்தார். அவர் திசைகாட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு ஒரு முழுக் காலைப்பொழுது மாடிக்கும் கீழுக்கும் நடந்தார். அந்தக் கட்டடத்தில் அவ்வளவு நிதானமாக நடந்த ஆளை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. கடைசியில் முன்படிக்கட்டின் கீழே போய் நின்றார். வடகிழக்கு, ஈசானிய மூலை. அங்கே பாரம் இருக்கக்கூடாது, சனங்கள் மிதித்து ஏறக்கூடாது, வம்சத்துக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார். பின்படிக்கட்டு கன்னி மூலையில் இருப்பது உத்தமமாம்.

மறுநாள் ஓனருடைய மனைவி ஒவ்வொரு கடையாக வந்தார். ஓனரம்மா என்போம். சத்தமாகப் பேசத் தெரியாத மனுஷி. எங்கள் கடை வாசலில் நின்று கையைப் பிசைந்தார்.

"ஒரு எட்டு மாசம் முன்னாடி படிய பூட்டி வைக்கலாம்னு இருக்கறோம்மா. கொழந்த பொறந்ததும் தொறந்துவுட்டுடறோம். நீங்க மனசு வச்சாத்தான். மத்தவங்கல்லாம் சரின்னுட்டாங்க."

மற்றவர்கள் சரி என்றுதான் சொல்வார்கள். தையல்காரருக்கும் வக்கீலுக்கும் எந்தப் படியாக இருந்தால் என்ன? என் வீட்டுக்காரர் கிளிப் அட்டைகளை அடுக்கினார். எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கல்லும் சிமெண்டும் ஒரு பெண்ணின் வயிற்றுக்குள் போய் என்னம்மா செய்யும் என்று கேட்டிருக்கலாம். முந்தின நாள்தான் மருமகள் என்னிடம், "எனக்கு இதுல நம்பிக்க இல்லக்கா. ஆனா படி தொறந்திருந்து இதுவும் போச்சுன்னா காலம்பூரா அதயே சொல்லுவாங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். வயிற்றில் பிள்ளையோடு மேலே ஒருத்தி இருக்கும்போது, என் ரிப்பனுக்காகப் படியைத் திறந்து வையுங்கள் என்று எந்த வாயால் சொல்வது?

"பூட்டிக்குங்கம்மா. புள்ளைதான் முக்கியம்" என்றேன்.

அவர் போன பிறகு என் வீட்டுக்காரர் அட்டையிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினார். "பொறந்துட்டா தொறக்க மாட்டாங்க."

"ஏன் அப்படி சொல்றீங்க? தொறக்கறேன்னு சொல்லிட்டுதான போறாங்க."

"பூட்டினதாலதான் பொறந்துச்சும்பாங்க. அப்பறம் எவன் தொறப்பான்? பொறக்கலன்னாத்தான் பூட்டுனது தப்புன்னு தொறப்பாங்க."

"வாயக் கழுவுங்க" என்று கத்தினேன். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார், மெஷின் எந்தப் பக்கம் சுற்றும் என்று சொல்கிற மாதிரி. ஆனால் அது என் மனசில் முள்ளாகத் தைத்துக்கொண்டது.

மடக்கு இரும்புக் கதவு போட்டுப் பூட்டினார்கள். முதல் வாரம் பழக்கப்பட்ட பெண்கள் சிலர் சுற்றிக்கொண்டு வந்தார்கள். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் பூட்டிய கதவுக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். எவ்வளவு சீக்கிரம் ஒரு கூட்டத்துக்கு மறந்துபோகும் என்பதைக் கம்பியைப் பிடித்தபடி பார்த்தேன். ஒரே மாதம். அதற்குப் பிறகு அங்கே ஒரு படிக்கட்டு இருந்ததாகவே யாரும் நடந்துகொள்ளவில்லை.

நாங்கள் சும்மா இருக்கவில்லை. நடையின் பாதியில் அம்புக்குறி போட்ட போர்டு ஒன்று வைத்தோம். அம்புக்குறியைப் பார்த்துத் திரும்பியவர்கள் எல்லாரும் கழிப்பறைக்குள் போய்விட்டு வந்தார்கள். ஒரு பெரியவர் மட்டும் மேலே ஏறி வந்து, "ஆம்பளைங்களுக்கு எங்கம்மா?" என்று என்னைக் கேட்டார். சீரியல் பல்பு கட்டினோம். பாத்திரக்கடைக்காரன் தன் குடங்கள் பளபளப்பாகத் தெரிகின்றன என்று சந்தோஷப்பட்டான். நான் கொஞ்ச நாள் கீழே மூலையில் நின்று, "மேல பேன்சி ஸ்டோர் இருக்குது, வந்து பாருங்க" என்று கூப்பிட்டேன். எனக்கே என் குரல் பிடிக்கவில்லை. கழிப்பறைக்குப் பக்கத்தில் நின்று கூப்பிடுகிற கடைக்கு யார் வருவார்கள்? போகிறவர்கள் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு இன்னும் வேகமாக நடந்தார்கள். என் வீட்டுக்காரர் இறங்கி வந்து, "வா, போதும்" என்று கூட்டிக்கொண்டு போனார். பின்படியில் ஏறும்போது நடுவில் ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினார்.

எட்டு மாதத்தை நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். அவள் வயிறு பெரிதாகப் பெரிதாக எனக்குள் ஒரு நம்பிக்கையும் வளர்ந்தது. அவர் சொன்னது தப்பாகிவிடும், ஓனரம்மா சொன்ன சொல்லைக் காப்பாற்றுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வளைகாப்புக்கு வளையல் முழுக்க எங்கள் கடையில்தான் எடுத்தார்கள். அந்த மாதம் நடந்த ஒரே நல்ல வியாபாரம் அது. நானே அவள் கையில் பச்சையும் சிவப்புமாக அடுக்கினேன். "இறுக்கமா இருக்குதா?" என்று கேட்டேன். "இருக்கட்டும்கா, அதுக்கு சத்தம் கேக்கட்டும்" என்று வயிற்றைக் காட்டினாள். பஸ்ஸில் குலுங்கக்கூடாது என்று டாக்டர் சொன்னதால் அவளைத் திட்டக்குடிக்கு அம்மா வீட்டுக்கு அனுப்பவில்லை.

வலி வந்தது ஒரு சந்தை நாளில், காலை பத்து மணி இருக்கும். பின்சந்தில் காய்கறி வண்டிகள் அடைத்துக்கொண்டு நின்றதால் கார் அங்கே வர முடியவில்லை, முன்பக்க ரோட்டில்தான் நின்றது. முன்படி திறந்திருந்தால் அவள் நேராகக் காருக்குள் இறங்கியிருப்பாள். பூட்டிக் கிடந்தது. சாவியைக் கொண்டுவரச் சொல்லி யாரோ கத்தினார்கள். ஓனரம்மா, "வேணாம், இன்னைக்கிப் போயி அத மிதிக்க வேணாம்" என்று அழுதார். அதனால் பின்படி வழியாக இறக்கி, கழிப்பறையைச் சுற்றி, நடை முழுக்க நடத்திக்கொண்டு போனார்கள். எதிரே சந்தைக் கூட்டம். நான் முன்னால் ஓடினேன். "வழி வுடுங்க, வழி வுடுங்க, புள்ளத்தாச்சி வருது" என்று கத்திக்கொண்டே குடங்களைக் காலால் ஒதுக்கித் தள்ளினேன். கூட்டம் இரண்டு பக்கமும் சுவரோடு ஒட்டிக்கொண்டது. எவ்வளவோ கூப்பிட்டும் நிற்காத அந்தக் கால்கள் எல்லாம் அன்றைக்கு நின்றன. அவள் வளையல் சத்தம் மட்டும் எனக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே வந்தது. காரில் ஏறும்போது என் கையை ஒரு தடவை பிடித்து விட்டாள்.

கார் போன பிறகு மேலே வந்து உட்கார்ந்தேன். பத்தரை, பதினொன்று, பன்னிரண்டு. ஒரு தகவலும் இல்லை. பிறகு, பிரசவத்தில் ஏதோ சிக்கலாம் என்று தையல்காரர் வந்து சொன்னார். கடையில் ஆள் வந்து மூன்று நாள் ஆகியிருந்தது. என் வீட்டுக்காரர் யாரும் தொடாத சாமான்களைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அதற்கு முந்தின வாரம் பழைய கம்பெனி மேஸ்திரி வீட்டுக்கு வந்து, அரவைக்கு ஆள் தேவை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். துடைத்துக்கொண்டிருந்தவரின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது எனக்குள் ஒரு நினைப்பு வந்தது. இதுவும் போய்விட்டால் கதவைத் திறந்துவிடுவார்கள்.

நான் வேண்டி அழைக்கவில்லை, தானாக வந்தது என்று சொல்லிப் பார்க்கலாம். ஆனால் வந்ததும் விரட்டவில்லை. அதோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். முன்படி திறந்து, பெண்கள் ஐந்தாவது படியில் நின்று நிமிர்ந்து பார்ப்பதை மனசுக்குள் பார்த்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு உடம்பெல்லாம் கூசியது. எழுந்து போய் முகத்தைக் கழுவினேன். இதை இவ்வளவு வருடத்தில் யாரிடமும் சொன்னதில்லை, அவரிடமும்.

இரண்டு மணிக்குத் தகவல் வந்தது. பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம். ஓனர் தானே தட்டை ஏந்திக்கொண்டு கடை கடையாக வந்தார். கண்ணில் தண்ணீர். "உங்க எல்லாரு புண்ணியமும்தாங்க. பூட்டுனோம் பாருங்க, பலன் கைமேல" என்றார். என் வீட்டுக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு ஜாங்கிரியை வாங்கினார். "ரொம்ப சந்தோஷம்ங்க" என்றார். மெய்யாகவே சந்தோஷப்பட்டார், எனக்கு அவரைத் தெரியும். ஓனர் போனதும் என்னைப் பார்த்தார். நான் முன்னே சொல்லவில்லையா என்கிற பார்வைகூட இல்லை அது. இனி என்ன செய்யலாம் என்பது போலப் பார்த்தார்.

ஒரு மாதம் கழித்து நான் மட்டும் போய் ஓனரம்மாவிடம் கேட்டேன். அவர் பொய் சொல்லவில்லை. "எப்படிம்மா தொறக்கச் சொல்றது? எனக்கே பயமா இருக்குது. ஒருவேள திரும்பி எதாவது ஆச்சுன்னா?" என்றார். நான் அவர் இடத்தில் இருந்திருந்தாலும் திறந்திருக்க மாட்டேன். அதுதான் ஆற்றாமை. திட்டுவதற்குக்கூட ஒரு ஆள் கிடைக்கவில்லை. பிறகு வாஸ்துக்காரர் திரும்ப வந்து, பூட்டினால் மட்டும் போதாது, பாரத்தையே எடுத்துவிட வேண்டும் என்றாராம். நாலு ஆட்கள் சம்மட்டியோடு வந்தார்கள். இரண்டு நாளில் படிக்கட்டு போன இடம் தெரியவில்லை. அந்த மூலைக்குத் தண்ணீர் நல்லதாம் என்று அங்கே ஒரு தொட்டி கட்டி ஊர்ச் செராமிக் ஓடு பதித்தார்கள், தாமரைப் பூ போட்ட ஓடு. இடிக்கும்போது கிளம்பிய தூசி மாடிக்கு வந்தது. என் வீட்டுக்காரர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு கடைக்குள் போய் ஷட்டரை இறக்கிக்கொண்டார். நான் வெளியே நின்றேன்.

அவர் திரும்பவும் அரவையில் சேர்ந்தார். மூக்கில் துணி கட்டிக்கொள்வேன், அப்பப்ப லீவு போடுவேன், ஒரு வருடம்தான் என்றார். நானும் சரி என்று தலையாட்டினேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் ஏமாற்றிக்கொள்ளப் பழகிவிட்டோம். முதல் நாள் வேலை முடிந்து வந்தவரின் புருவத்தில் வெள்ளை. சட்டையை வாசலில் உதறினேன். அந்த வாரத்திலேயே விசில் சத்தம் திரும்ப வந்துவிட்டது.

கடையைக் காலி செய்த நாள் நான் தனியாக இருந்தேன். மீந்த சாமான்களை அட்டைப் பெட்டியில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தபோது மருமகள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தாள்.

"அண்ணன் எங்கக்கா?"

"வேலைக்குப் போயிருக்காரு."

எந்த வேலை என்று அவள் கேட்கவில்லை. தெரிந்திருக்கலாம். குழந்தையை என் கையில் கொடுத்தாள். "அன்னைக்கி நீங்கதான்கா கூட்டத்த வெலக்கிக்கிட்டு முன்னாடி போனீங்க. அப்பறமும் எனக்காக வேண்டிக்கிட்டே ஒக்காந்திருந்தீங்கன்னு தையல்காரர் சொன்னாரு. சாப்புடக்கூட இல்லியாமே."

"ஆமாம்மா" என்றேன்.

குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அதன் நெஞ்சின் மேல் காதை வைத்தேன். ஒரு சத்தமும் இல்லை. மூச்சு உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

"என்னக்கா கேக்குறீங்க?" என்று அவள் சிரித்தாள்.

"ஒண்ணும் இல்லம்மா. நல்லா இருக்குது" என்று சொல்லிக் குழந்தையைத் திருப்பிக் கொடுத்தேன்.